எழுத்தில் வராத உத்தரவு

அக்கா,

இன்று காலை உங்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பள்ளியின் வாட்ஸாப் குழுவில், முதல் பாடவேளை நடந்துகொண்டிருக்கும்போது. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் வருகை ஏன் பதியப்படவில்லை, மதியத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும், தவறினால் மேல்நடவடிக்கை. கீழே உங்கள் பெயர், பதவி, எல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதே குழுவில் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தால், உங்களுக்காகக் கைகூப்பிக் கண்ணீர் விட்ட படங்கள் வரிசையாக இருக்கின்றன. அழுதவர்களும் விளக்கம் கேட்டவர்களும் ஒரே ஆட்கள்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், செத்துப்போனவங்ககிட்ட எதுக்கு சார் விளக்கம்?"

அவர் தலை நிமிரவில்லை. "அது கம்ப்யூட்டர் தானா அனுப்பறது டீச்சர். அந்த கிளாஸ் இன்னும் அவங்க பேர்லயே இருக்குது. இதப் போய் மனசுல வெச்சிகினு பேசறீங்களே. பதினோரு மணிக்கு வாங்க, ஒரு கையெழுத்து போட வேண்டியது இருக்குது."

கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிறதாம். நல்லா இருக்கிறது நியாயம்! உங்களை உயிரோடு அலைக்கழித்ததும் கம்ப்யூட்டர்தானா என்று கேட்க வாய் வந்தது. என்ன கையெழுத்து என்று தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்க வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். இவளுக்குக்கூட அடக்கம் வந்துவிட்டதே என்று.

நாம் இரண்டு பேரும் சிநேகமானதே வேடிக்கை. நீங்கள் கணக்கு, நான் அறிவியல். நீங்கள் நயினார் வீட்டுப் பெண், தமிழ்ச் சமணக் குடும்பம். அப்பா, தாத்தா எல்லோரும் படித்தவர்கள். நான் தெள்ளார் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட வீட்டிலிருந்து முதன்முதலாகச் சம்பளம் வாங்க வந்தவள். உங்களுக்குக் குரலே எழும்பாது. எனக்கு வாய் காதுவரை. நம்மைச் சேர்த்து வைத்தது சாயங்காலச் சிறப்பு வகுப்புதான்.

பொழுது சாய்ந்துவிட்டால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். உங்கள் வீட்டு வழக்கம் அது, பிறந்ததிலிருந்து. சிறப்பு வகுப்பை ஆறு மணிவரை இழுத்து, பிறகு ஆறரை ஆக்கினார்கள். மார்கழி, தை மாதங்களில் அப்போது இருட்டிவிடும். அதனால் ஐந்தரைக்குப் பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கைக் கொடுத்துவிட்டு என் ஆய்வகத்துக்கு ஓடி வருவீர்கள். குடுவைகளுக்கு நடுவில் டப்பாவைத் திறந்து, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவீர்கள். "உக்காந்துதான் சாப்பிடுங்களேன் அக்கா, யாரு அடிக்கப் போறா?" என்பேன். "பசங்க சத்தம் போட்டா அவரு வந்துடுவாரும்மா" என்பீர்கள். ஒருநாள் தலைமையாசிரியர் வந்தேவிட்டார். வகுப்பு நேரத்தில் என்ன சாப்பாடு என்று கேட்டார். நீங்கள் வாயில் இருந்ததை விழுங்கக்கூட முடியாமல் டப்பாவை மூடினீர்கள். அன்று இரவு நீங்கள் பட்டினி என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்!

அந்த 'பி' பிரிவை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமும் பாசமும் சேர்ந்தே வருகிறது. பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். பாவு இழுக்கிற நாளென்றால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பட்டு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, சிக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுற்றிவிட வேண்டும். வீட்டில் இருக்கிற அத்தனை கையும் அதற்கு வேண்டும். முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இப்படி ஆகும். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவதில்லை. பத்து மணிக்கு வந்துவிடுவார்கள், கையில் கஞ்சிப் பிசுக்கோடு, மூச்சு வாங்கிக்கொண்டு.

ஃபோனில் இருக்கும் வருகைப் பதிவுக்குப் பத்து மணி கிடையாது. அது ஒன்பதரைக்கு மூடிக்கொள்ளும். அதற்குள் வராத பிள்ளை அன்று முழுக்க வராத பிள்ளை. எண்ணிக்கை குறைந்தால் மேலே இருந்து தலைமையாசிரியருக்கு ஃபோன் வரும். அவர் உங்களிடம் வருவார்.

நீங்கள் சும்மா இருந்தவரில்லை. காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கே போய் நின்றீர்கள். ஒருநாள் நானும் பின்னால் உட்கார்ந்து வந்தேன். நம் வகுப்புப் பெண்ணின் அம்மா பாவைப் பிடித்தபடியே பேசினாள்.

"இதோ டீச்சர், இந்த ஒண்ணு மட்டும் முடிஞ்சிட்டா அனுப்பிடறேன். மொதலாளி ஒரே பேஜார் பண்றாரு. பாவு நாளைக்கி தறில ஏறணுமாம்."

"ஒன்பதரைக்குள்ள வந்துட்டா போதும்மா."

"கைய வுட்டா நூலு சிக்கிக்கும் டீச்சர். நீங்க போய்கினே இருங்க, ஜல்தியா அனுப்பறேன்."

நீங்கள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் பிடித்திருந்த முனையை வாங்கி நீங்களே பிடித்துக்கொண்டு, "நீ ஓடு, புத்தகத்த எடு" என்றீர்கள். கணக்கு டீச்சர் தெருவில் பாவு பிடிக்கிறார்! எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஒரு பிள்ளையை இப்படி அனுப்பலாம். பத்துப் பன்னிரண்டு பேரை எப்படி அனுப்புவது?

அப்போதுதான் தலைமையாசிரியர் அந்த வழியைச் சொன்னார். ஆசிரியர் அறையில், என் காதுபடச் சொன்னார். "எப்படியும் பத்து மணிக்கு வந்துடப் போறாங்க டீச்சர். எல்லாருக்கும் போட்டு வுட்டுடுங்க." அது உத்தரவு இல்லை. உத்தரவு என்றால் எழுத்தில் வரும். நம் வேலையில் நல்லதெல்லாம் சுற்றறிக்கையாக வரும், பிசகானதெல்லாம் வாய் வார்த்தையாக வரும். நீங்கள் மறுநாளிலிருந்து எல்லோருக்கும் போட்டீர்கள். பிறகு பத்து மணிக்கு வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணி உள்ளே விடுவீர்கள். யாராவது வராமல் போனால் அந்த வீட்டுக்கு ஃபோன் போட்டு, மதியத்துக்குள் வரவைத்துவிடுவீர்கள். போட்டதைப் பொய்யாக்கக் கூடாது என்று அத்தனை பாடுபட்டீர்கள்.

ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வந்த நாளும் பாவு நாள்தான். ஒன்பதே முக்காலுக்கு ஜீப் வந்து நின்றது. பக்கத்து வகுப்பில் நான் நின்றுகொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது. ஃபோனில் பார்த்தால் வகுப்பு நிறைந்திருக்கிறது, பெஞ்சில் பார்த்தால் பாதி காலி.

"இன்னாம்மா, மீதி இடத்துல பேய்ங்க உக்காந்து படிக்குதா?"

பிள்ளைகள் எதிரில் கேட்டார். உங்கள் வகுப்பறை அனுபவத்தில் பாதிகூட இருக்காது அவருக்கு. உங்களை 'இன்னாம்மா' என்றார். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விசிறியில் அன்று என்ன அதிசயமோ! பத்து மணிக்குப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்களை வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள், திருட்டுச் சாமான் எண்ணுகிற மாதிரி. நீங்கள் யாரிடம் முனையை வாங்கிப் பிடித்தீர்களோ அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள். "சார், மிஸ்ஸு மேல தப்பு இல்ல சார். நாங்கதான் லேட்டு." "நீ வாய மூடு" என்று அதிகாரி அவளை அடக்கினார். அவ்வளவு பெரியவர்கள் நின்ற இடத்தில் உண்மையைச் சொன்னது ஒரு பத்தாம் வகுப்புப் பெண் மட்டும்தான்.

பொய் வருகை பதிந்ததற்காகப் பதினேழு பி ஒழுங்கு நடவடிக்கை விதியில் மெமோ வந்தது. நம்மூர்ப் பள்ளிகளில் பதினேழு பி என்றால் பியூனுக்குக்கூடக் குலை நடுங்கும். அன்று சாயங்காலம் ஆய்வகத்தில் நமக்குள் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும்.

"அவருதான் போடச் சொன்னாருன்னு எழுதுங்க அக்கா. நான் சாட்சி சொல்றேன். நான் கேட்டேன் என் காதால."

"வுடும்மா. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆவப் போறாரு. இப்ப எழுதினா அவருக்கு பென்ஷன் எல்லாம் நின்னு போவும். பாவம்."

"அவரு பாவம்னா நீங்க யாரு?"

"நான்தானே போட்டேன்? என் விரல்தானே?"

எனக்கு வந்த கோபத்துக்கு உங்கள் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன். இப்போதும் சொல்கிறேன், அக்கா, அது நல்ல குணம் இல்லை. அடித்தவன் கை வலிக்குமே என்று வருத்தப்படுவது எந்த ஊர் நல்ல குணம்? நீங்கள் விட்டுக்கொடுத்தது உங்களுடைய மானத்தை மட்டுமில்லை. வகுப்பில் நிற்கிற ஒவ்வொருத்தியையும் இப்படி நடத்தலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். இதை அன்றே உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். நீங்கள் "சரிம்மா, கத்தாத" என்று டப்பாவைக் கழுவப் போனீர்கள்.

கல்வி அலுவலகத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் விடுப்பு போட்டுவிட்டு உங்களோடு வந்தேன். காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பத்துக்கு முன்பே போய் உட்கார்ந்தோம். மதியம் ஆனது. அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். நாலு மணிக்கு, "சாப்பிட்டு வந்துடுங்க அக்கா, நான் இங்கியே இருக்கேன்" என்றேன். "நான் அந்தாண்ட போனதும் கூப்ட்டுட்டா? வரலன்னு எழுதிடுவாங்கம்மா" என்றீர்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், ஒரு டப்பாவைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்தீர்கள். ஐந்தானது, ஐந்தரையானது. ஜன்னல் பக்கம் பார்ப்பதும் கதவுப் பக்கம் பார்ப்பதுமாக இருந்தீர்கள். வெளிச்சம் போனதும் டப்பாவைப் பைக்குள் அடியில் தள்ளிவிட்டு ஜிப்பை இழுத்தீர்கள்.

அதற்கப்புறம்தான் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். "கூட வந்தவங்க வெளியவே இருங்க." இரண்டே நிமிஷம். பதிலை எழுதிக் கொடுங்கள், இன்னொரு நாள் கூப்பிடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பகல் முழுக்க! ஆரணி பஸ்ஸில் வாழைப்பழம் வாங்கி நீட்டினேன். சிரித்துக்கொண்டே என் கையை விலக்கினீர்கள். "ஒரு ராத்திரிதானே. நீ சாப்பிடு." எனக்கும் இறங்கவில்லை. பழம் பையிலேயே நசுங்கிப் போனது.

மறுநாள் காலைச் சிறப்பு வகுப்புக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலில் விழுந்தீர்கள். வேலூருக்குக் கொண்டு போனார்கள். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். டாக்டர் படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் முந்தின நாள் அந்தப் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரங்கல் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் படத்துக்கு மாலை, மைக், நாற்காலி, எல்லாம் அமர்க்களம். தலைமையாசிரியர் பேசினார். விடுப்பே எடுக்காத தெய்வமாம் நீங்கள். கடைசி மூச்சுவரை பணியாம். காய்ச்சலோடு வந்தாராம், காலில் கட்டோடு வந்தாராம். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் தட்டியும்விட்டார்கள். ஒரு மனுஷியை உடம்பு சரியில்லாத நாளிலும் வரவழைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கூட்டம் அது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் சோறு போட வேண்டியதில்லை, உட்காரச் சொல்ல வேண்டியதில்லை, மெமோவைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை. நான் பாதியிலேயே எழுந்து வந்து கைகழுவும் குழாயடியில் நின்று அழுதேன். துக்கத்தில் அழுதேன் என்று பியூன் நினைத்தான். கோபத்தில் அழுதேன்.

இனி இன்றைக்கு வருகிறேன். பதினோரு மணிக்குப் போனேன். உடற்கல்வி ஆசிரியர் அங்கே நின்றிருந்தார். மூலையில் கிளார்க் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தலைமையாசிரியர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். அவங்க ஃபைல முடிக்கணும்னு மேல இருந்து கேட்டுகினே இருக்காங்க. எல்லாரும் போட்டாச்சி, நீங்க மட்டும்தான் பாக்கி."

படித்துப் பார்த்தேன். 'பி' பிரிவில் வருகையைப் பொய்யாகப் பதிந்தது மேற்படி ஆசிரியை தாமாகவே செய்த செயல், அது பள்ளியில் வேறு எவருக்கும் தெரியாது, என்று எழுதியிருந்தது. கீழே நம் ஆசிரியர்கள் எல்லோருடைய கையெழுத்தும். உங்கள் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள், பெண் கல்யாணத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் புடவை எடுத்தவர்கள், எல்லோரும்.

"இது பொய் சார்."

"உயிரோட இல்லாதவங்கள இனிமே யாரு இன்னா பண்ண முடியும்? அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல டீச்சர். இருக்கறவங்க நாம பொழைக்க வேணாமா?"

உங்களிடம் மிச்சம் இருந்தது பெயர் ஒன்றுதான் அக்கா. அதையும் கேட்கிறார்கள். உங்கள் மகள் நாளைக்கு இதே வேலைக்கு வந்து நிற்கும்போது, பொய்க்காரி மகள் என்று ஒரு காகிதம் அலமாரியில் இருக்க வேண்டுமாம். நான் பேனாவைத் தொடவில்லை.

நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, குரலை இறக்கி அடுத்ததற்குப் போனார். "இன்னொண்ணு. நாளையிலேர்ந்து டென்த் பி உங்க பேருக்கு மாறுது. பர்சன்டேஜ் வுழாம பாத்துக்கோங்க. அந்தத் தறிப் பசங்க எப்படியும் பத்து மணிக்கு வந்துடப் போறாங்க. எல்லாருக்கும் போட்டு வுட்டுடுங்க."

கிளார்க்கின் தட்டச்சுச் சத்தம் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. அந்தத் தாள் இன்னும் அவர் கைக்கு அடியிலேயே இருந்தது. வேறு எவருக்கும் தெரியாது என்று எழுதிய தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தையை எனக்கும் சொல்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சொல்லிச் சொல்லி அவருக்கு அது பழகிவிட்டது.

"எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

"எதை?"

"இப்ப சொன்னீங்களே, எல்லாருக்கும் போட்டு வுடுங்கன்னு. அத எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டுக் குடுங்க. நாளைக்கே போடறேன்."

"இதெல்லாம் எழுத்துல குடுக்கறதா டீச்சர்? நீங்களும் சர்வீஸ்ல இருக்கறவங்கதானே?"

"அப்ப நான் எழுதறேன்."

தாளை அவர் கைக்கு அடியிலிருந்து இழுத்தேன். பேனாவை எடுத்து, எல்லோருடைய கையெழுத்துக்கும் கீழே எழுதினேன். மேலே கண்டது உண்மையல்ல. வருகையை அப்படிப் பதியச் சொன்னவர் தலைமையாசிரியர். ஆசிரியர் அறையில் சொன்னார், நான் கேட்டேன். இன்று இதே அறையில் இதையே எனக்கும் சொன்னார், உடனிருந்தவர்கள் இருவர். என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உங்களுக்கும் மெமோ வரும் டீச்சர்."

"வரட்டும் சார். நான் பதில் எழுதுவேன்."

வெளியே வந்தபோது உடற்கல்வி ஆசிரியர் பின்னாலேயே வந்தார். "டீச்சர், நான் போட்ட கையெழுத்த அடிச்சிட்டு உங்களுக்குக் கீழ போடலாமா?" என்றார். "என்ன ஏன் கேக்கறீங்க? தாளு அங்க இருக்குது, போங்க" என்றேன். போனாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

நீங்கள் இருந்திருந்தால், பாவம்மா அவரு, என்றிருப்பீர்கள். அவருக்கும் மேலே இருந்து திட்டு விழுகிறது, அவரைத் திட்டுகிறவருக்கு அதற்கும் மேலே இருந்து விழுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். மேலே கிளம்புகிற சத்தமெல்லாம் கடைசியில் கரும்பலகை முன்னால் நிற்கிறவள் தலையில்தான் வந்து இறங்குகிறது. அவள் வாயைத் திறக்காதவரை அது நிற்காது.

நாளை ஒன்பதரைக்கு வராத பிள்ளைகளுக்கு வரவில்லை என்றுதான் போடுவேன். பத்து மணிக்கு அவர்கள் வந்ததும் கதவைத் திறந்து வைத்துப் பாடம் நடத்துவேன். மேலே இருந்து ஃபோன் வரும். உங்களைக் கேட்டதைப் போலவே என்னையும் கேட்பார்கள். கோபத்தை விடு, உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். விடமாட்டேன் அக்கா. இத்தனை வருஷம் நீங்கள் விழுங்கிய பேச்செல்லாம் என் தொண்டையில் நிற்கிறது. நாளை அந்த ஃபோனை எடுத்ததும் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.